முட்டை கறுத்த வாரம்

அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன வண்டி தெருமுனை திரும்பியதும் வீட்டுப் பின்பக்கத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

எங்கள் ஆட்களிடம் இது வழக்கம். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போவார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட வேண்டும். பிணம் இருந்த வீட்டில் பழைய தண்ணீர் ஒரு சொட்டு மிஞ்சக் கூடாது. குடம், வாளி, குளியலறைத் தொட்டி, நாய்க்கு வைத்த கிண்ணம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பார்கள்.

நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. என் தோளில் தலையைப் போட்டிருந்தாள். வாளி கவிழ்கிற சத்தம் எனக்குத் தெரியும். சட்டென்று முடிந்துவிடும். இது முடியவில்லை. கொட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம் உப்பு வாடை வந்தது.

அம்மாவைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஓடினேன்.

பாகான் செராயில் இருந்து வந்திருந்த அத்தை சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு நீல டிரம்மைச் சாய்த்துப் பிடித்திருந்தார். என் அப்பாவுக்கு அக்கா. நல்ல பலசாலி. இன்னொரு டிரம் ஏற்கெனவே காலியாகிக் கவிழ்ந்து கிடந்தது.

"அத்தே, அது கடல் தண்ணி!"

"எந்தத் தண்ணியா இருந்தா என்னா? தீட்டுத் தண்ணிதான? நவுரு."

"அது அண்ணனோடது அத்தே."

"அவனோடதுங்கிறதாலதான் ஊத்துறேன். உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

நான் டிரம்மைப் பிடித்தபோது அடியில் ஒரு குவளை அளவு இருந்திருக்கும். அதையும் ஊற்றிவிட்டார். அப்புறம் கை நீட்டி மூலையில் இருந்த தொட்டியைக் காட்டினார். அதில் அண்ணனின் மூன்று இறால்கள் இருந்தன.

"உசுரு உள்ளதத் தொடல. அது இருக்கட்டும். எட்டுக்கு ஆகும்."

எட்டு என்றால் எட்டாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் வைப்பது. என் அண்ணனுக்கு இறால் என்றால் உயிர். அத்தை தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்றும் வயிற்றில் முட்டை வைத்திருந்தன. அந்த முட்டை பொரிக்கிற நாளுக்காகத்தான் அண்ணன் கடல் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தான்.

இந்தத் தொடரில் இதுவரை நான் பள்ளிக்கூடத்தை விட்ட கதை, வேலை தேடிய கதை என்று சிரிக்கிற மாதிரி எழுதி வந்தேன். இந்த வாரம் அப்படி வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

குட்டையில் குஞ்சு கிடையாது

அண்ணன் பேர் யோகன். பத்து காஜா ஊரைத் தாண்டி ஒரு பழைய ஈயக்குட்டையில் வேலை செய்தான். முன்பு ஈயம் தோண்டிய பள்ளம். இப்போது அதில் ஒரு சீன முதலாளி இறால் வளர்க்கிறார். மலாயில் ஊடாங் காலா என்று சொல்லும் பெரிய நன்னீர் இறால். தலை பெரிது, கை நீளம்.

அண்ணன் வலை இழுப்பான், தீனி போடுவான், கரையில் புல் வெட்டுவான். சம்பளத்தைவிட அந்த இறால்களைப் பற்றிய பேச்சுத்தான் அதிகமாக வீட்டுக்கு வரும்.

அந்தக் குட்டையில் ஒரு விசித்திரம் உண்டு. முட்டையோடு பெண் இறால்கள் எப்போதும் கிடைக்கும். வலையில் பாதி அதுதான். ஆனால் குஞ்சு ஒன்றுகூடக் கிடையாது. வெளியில் இருந்து குஞ்சு வாங்கித்தான் விடுவார்கள். வருசா வருசம் அப்படித்தான்.

"இத்தன அம்மா இருக்கு, ஒரு புள்ளகூட இல்ல. ஏன்னு யாருமே கேக்க மாட்டேங்கிறாங்க லா" என்று அண்ணன் ஒருநாள் சோறு தின்றுகொண்டே சொன்னான்.

"உனக்கு முதல்ல ஒரு பொண்ணப் பாக்கணும். அப்புறம் எறாவுக்குப் புள்ள பொறக்கலாம்" என்றாள் அம்மா.

அவன் விடவில்லை. குஞ்சு விற்கிற இடத்தில் போய்க் கேட்டான். கைப்பேசியில் மலாய்க்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்தான். அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. இந்த இறால் ஆற்றில் வாழும். ஆனால் அதன் குஞ்சு உப்பு இல்லாத தண்ணீரில் சில நாளுக்கு மேல் தாங்காது. ஆற்றில் இருக்கிற தாய் முட்டையைச் சுமந்துகொண்டே கீழே இறங்கி, கடல் தண்ணீர் கலக்கிற இடம் வரைக்கும் போகும். குஞ்சு அங்கே பொரித்து, அங்கே வளர்ந்து, பிறகு ஆற்றில் ஏறி மேலே வரும்.

குட்டைக்கு வழி கிடையாது. நாலு பக்கமும் மணல் மேடு. அங்கே பொரிக்கிறதெல்லாம் பொரித்த இடத்திலேயே செத்துப்போகும்.

நீலக் கை, ஆரஞ்சுக் கை

அண்ணன் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவள். விஞ்ஞானத்தில் எப்போதும் சிவப்பு மார்க்.

ஆண் இறாலில் மூன்று வகை. கை நீலமாக, உடம்பைவிட நீளமாக இருப்பது பெரியவர். அவர்தான் இடத்துக்குத் தலைவர். அடுத்தது ஆரஞ்சுக் கை. அது சண்டைக்குப் போகாது, தின்று தின்று வளரும். மூன்றாவது சின்னது. கை தெரியவே தெரியாது.

பெண் இறால் ஓடு உரித்தால்தான் சேர்க்கை நடக்கும். உரித்த உடம்பு துணி மாதிரி இருக்கும். மற்ற இறால் பார்த்தால் கடித்துத் தின்றுவிடும். நீலக் கை அவளைத் தன் இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, புது ஓடு இறுகுகிற வரைக்கும் யாரையும் அண்ட விடாது. அந்தச் சமயம் பார்த்து இந்தச் சின்னது அடியில் புகுந்து வேலையை முடித்துவிட்டு ஓடிவிடுமாம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணன் சலீம் அண்ணனைக் காட்டுவான். சலீம் அண்ணன் அவனுடைய கூட்டாளி. லாரி ஓட்டுகிறார். அவருடைய அப்பா ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஆள் குள்ளம்.

"இதோ நிக்கிறான் பாரு, சின்ன ஆம்பள."

"டேய் மச்சான், எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு புள்ள இருக்கு. நீதான் நீலக் கைய நீட்டிக்கிட்டு நிக்கிற. உன் பக்கத்துல எவ வந்தா?"

அம்மா உள்ளே இருந்து சிரிப்பாள்.

சேர்க்கை முடிந்து சில மணி நேரத்தில் பெண் இறால் முட்டையை வெளியே விட்டு வயிற்றுக் கால்களில் ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரம் போலச் சுமக்கும். அந்தக் கால்களை ஆட்டி ஆட்டி முட்டைக்குக் காற்று கொடுக்கும். கெட்டுப்போன முட்டையைச் சின்னக் கையால் பிடுங்கி எறியும். முட்டை முதலில் நல்ல ஆரஞ்சு. பிறகு பழுப்பு. குஞ்சின் கண் உள்ளே தெரியத் தொடங்கினால் கறுத்துவிடும். கறுத்தால் ஓரிரு நாளில் பொரிக்கும்.

நான் பிரித்துக் கட்டிய நண்டு

நான் ஈப்போ பசாரில் ஒரு மீன் கடையில் வேலை செய்கிறேன். உயிர் நண்டின் கையைக் கட்டுவது என் வேலை. ஆட்கள் வந்து "முட்டை உள்ளதாப் பாத்துக் குடு தங்கச்சி" என்பார்கள். நண்டைத் திருப்பி வயிற்று மூடியைப் பார்ப்பேன். ஒல்லியாக இருந்தால் ஆண். அகலமாக இருந்தால் பெண். ஓட்டுக்குள் மஞ்சளாகத் திரண்டிருப்பதைத்தான் எல்லோரும் முட்டை என்று விரும்பித் தின்கிறார்கள். அது இன்னும் வெளியே வராத முட்டை. வெளியே விட்டு மூடிக்கு அடியில் சுமக்கிற நண்டு வந்தால் ஒருவரும் வாங்க மாட்டார்கள். பார்க்க அருவருப்பாம்.

ஒருநாள் அண்ணன் என்னை ஏற்றிக்கொண்டு போக வந்தான். அப்போது கூடையில் ஒரு பெரிய நண்டு இன்னொன்றை அடியில் அணைத்துப் பிடித்திருந்தது. சண்டை என்று நினைத்து நான் குச்சியை விட்டு நெம்பிப் பிரித்துத் தனித்தனியாகக் கட்டினேன்.

"போச்சு, கல்யாணத்த நிறுத்திட்ட" என்றான்.

அந்தப் பெண் நண்டு ஓடு உரிக்கப் போகிற நேரமாம். ஆண் அவளை முன்கூட்டியே தூக்கி வைத்துக்கொண்டு நாள்கணக்கில் சுமக்குமாம். உரித்து, சேர்ந்து, ஓடு இறுகும்வரை விடாதாம்.

"இறால், நண்டு எல்லாத்துக்கும் இதே கததான். ஓடு போன நேரத்துல பக்கத்துல ஒரு ஆளு வேணும்" என்றான். அவன் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே சொன்னான்.

மூன்று தாய்கள்

முதல் தடவை அவன் வீட்டில் முட்டை பொரிக்க வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. உப்பு விஷயம் அப்போது தெரியாது. மழைத் தண்ணீரில் பொரித்தது. தண்ணீர் முழுக்கத் தூசி மாதிரி ஆடியது. அண்ணன் குதித்தான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ எல்லாம் அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இந்தத் தடவை எல்லாம் தயாராக இருந்தது. அண்ணனும் சலீம் அண்ணனும் லாரியில் போய் லுமுட் பக்கத்துக் கடலில் இருந்து இரண்டு டிரம் தண்ணீர் கொண்டுவந்தார்கள். காற்று விடுகிற மோட்டார் வாங்கினான். தகர டப்பாவில் குஞ்சுத் தீனி வாங்கி வைத்தான். முதலாளியிடம் கேட்டு முட்டை ஆரஞ்சாக இருந்த மூன்று தாய்களைக் கொண்டுவந்தான். இது சரியாக வந்தால் குட்டைக்குக் குஞ்சை நாமே கொடுக்கலாம், தோட்டத்துக்குப் பின்னால் குஞ்சு வளர்க்கச் சின்னதாக ஓர் இடம் பார்க்கலாம் என்றான்.

அப்புறம் காய்ச்சல் வந்தது. வீட்டில் எல்லோரும் சாதாரணக் காய்ச்சல் என்றே நினைத்தோம். அவனும் அப்படித்தான் சொன்னான். கண் மஞ்சளானதும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருந்து வருகிற காய்ச்சல் என்றார்கள். காலில் புண்ணோடு குட்டையில் இறங்கியிருக்கிறான். படுத்த இடத்தில் இருந்து கேட்டது ஒன்றுதான்.

"முட்டை என்ன கலரு?"

"பழுப்பு."

"கறுத்தா சொல்லு."

கறுத்தது அவன் செத்த அன்றைக்கு. நான் சொல்ல முடியவில்லை.

அன்றைக்குத்தான் அத்தை தண்ணீரை ஊற்றினார். சமையல் உப்பைக் கரைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது என்று அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். வெறும் உப்பில் குஞ்சு நிற்காது. கடலில் வேறு என்னென்னவோ இருக்கிறதாம்.

கரைக்கப் போன இடம்

மறுநாள் காலை பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, சாம்பலைக் கடலில் கரைக்கப் போவார்கள். கொள்ளி வைத்தவர் சுங்காய் ஊரில் இருக்கிற என் சித்தப்பா. எங்கள் அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார்.

நான் விடியும்போதே சலீம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, காலி டிரம்ம ஏத்திக்கிட்டு கரைக்கிற எடத்துக்கு வாரீங்களா? கடல் தண்ணி வேணும்."

"வாரேன்" என்றார். "நாளைக்கு நான் ஜொகூர் போறேன் தங்கச்சி. திரும்ப நாளாகும். எடுத்தா இன்னிக்குத்தான்."

சித்தப்பா காரில் நானும் ஏறினேன். சாம்பல் கலயம் அவர் மடியில் இருந்தது. சித்தப்பா மகன் வண்டி ஓட்டினான். வழியில் விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கரைக்கப் போற இடத்துல இருந்து ஒண்ணும் வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது. திரும்பியே பாக்கக்கூடாது. நீ தண்ணி மொண்டுக்கிட்டு வாரேங்கிற."

"முதல்ல நான் எடுத்துக்கிறேன். அப்புறம் நீங்க கரைங்க."

யோசித்தார். "சரி. முன்னாடி எடுத்தா குத்தமில்ல" என்றார்.

ஆனால் லாரி வந்து சேரவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் வற்றத் தொடங்கியிருந்தது. எங்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பமும் கலயத்தோடு காத்திருந்தது. சலீம் அண்ணனுக்குப் போன் போட்டால், முன்னால் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி படுத்துக்கிடக்கிறது, பாதை அடைத்துக்கொண்டது என்றார். சித்தப்பா இனிக் காத்திருக்க முடியாது என்று இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, திரும்பிக்கொண்டு, கலயத்தைத் தலைக்குப் பின்னால் விட்டார். என் அண்ணன் ஒரு வெள்ளைக் கலங்கலாகத் தெரிந்தான். அடுத்த அலைக்கு அதுவும் இல்லை.

சித்தப்பா கரையேறிய பிறகுதான் லாரி வந்தது.

"முடிஞ்சி போச்சு. திரும்பிப் பாக்காம வா" என்றார்.

"சித்தப்பா, ரெண்டு டிரம்தான்."

"வேணாம்னா வேணாம்."

சலீம் அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அங்கிள், அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போயி மொண்டுக்கலாமா?"

"எங்க தள்ளிப் போனாலும் கடல் ஒண்ணுதான் தம்பி."

எனக்குக் கோபம் வந்தது. "அப்பாவையும் இங்கதான் கரைச்சீங்க. அதுக்கப்புறம் நாம மீனு திங்கலயா? அதுவும் அதே கடல்தான?"

சித்தப்பா மகன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாய்ப் பேச்சு பேசாத. உன் அம்மா முகத்துல முழிக்கணும் நான். மகன் கரைஞ்ச தண்ணிய வீட்டுல கொண்டாந்து வச்சா அவ தாங்குவாளா?"

தாங்குவாளா என்று எனக்கும் தெரியாது. அதனால் அம்மாவுக்கே போன் போட்டேன். அத்தைதான் எடுத்தார். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அம்மா, கரைச்சாச்சு."

"ம்."

"லாரி அப்புறம்தான் வந்துச்சு. தண்ணி எடுக்கக் கூடாதுங்கிறாரு சித்தப்பா. எடுக்கட்டுமா?"

கடல் சத்தத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அம்மா கேட்டாள்.

"நீ போறப்போ முட்டை என்ன கலருல இருந்துச்சு?"

"கறுப்பு."

"நானும் இப்பதான் போயிப் பாத்தேன். கறுப்பாத்தான் இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "எடுத்துட்டு வா. யாரு கரைஞ்ச தண்ணி? வேத்து ஆளா? என் புள்ளதான?"

"சித்தப்பா..."

"அவருகிட்ட குடு."

சித்தப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு சரி அண்ணி, சரி அண்ணி என்று மட்டும் சொன்னார். அம்மா என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போனைத் திருப்பிக் கொடுத்தார். ஈர வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வாளிய எடு" என்றார்.

நாலு பேரும் மொண்டோம். காத்திருந்த அந்தக் குடும்பம் எங்களைப் பைத்தியக்காரர்கள் என்று நினைத்திருக்கும்.

அடுப்பு

வீட்டுக்கு வந்ததும் மாவு சலிக்கிற துணியில் தண்ணீரை வடிகட்டினேன். மணலும் ஒரு சருகும் தங்கின. சாம்பல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஒரு பங்கு கடல் தண்ணீருக்கு, முந்தின ராத்திரி மழையில் பிடித்த தண்ணீர் இரண்டு பங்கு என்று டிரம்மில் கலந்தேன். அண்ணன் அப்படித்தான் சொல்லியிருந்தான். மூன்று தாய்களையும் உள்ளே விட்டேன்.

மறுநாள் காலை பார்த்தால் தாய்களின் வயிறு காலி. டிரம் முழுக்கக் குஞ்சு.

இந்தக் குஞ்சு இறால் மாதிரியே இருக்காது. ஊசி முனை அளவு. இரண்டு கறுப்புக் கண். வயிறு மேலே, முதுகு கீழே, வால் முன்னால். அப்படித் தலைகீழாகப் பின்பக்கமாகத்தான் நீந்தும். வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் வந்து மொய்க்கும். அம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாள் அவை எதுவும் தின்னாது. பிறகு டப்பாத் தீனி. கொஞ்சம் வளர்ந்ததும் முட்டையும் பாலும் அடித்து ஆவியில் வேகவைத்து, துணியில் தேய்த்துப் பொடியாக்கிப் போட வேண்டும். இங்கேதான் அடுத்த சண்டை. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அத்தையும் அக்கம்பக்கமும் சமைத்துக் கொடுத்ததைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதுவும் சைவம்.

அம்மா யாரையும் கேட்கவில்லை. எழுந்து போய் அடுப்பை மூட்டினாள். கோழி முட்டையை உடைத்தாள்.

"மனுசனுக்குக் கஞ்சி வைக்காத வீட்டுல எறாவுக்கு முட்டை அவிக்கிறத இப்பதான் பாக்கிறேன்" என்றார் அத்தை.

"பசிக்குமில்ல அண்ணி" என்றாள் அம்மா.

அத்தை முனகிக்கொண்டே போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, துணியை அம்மா கையில் இருந்து பிடுங்கி, "இப்பிடித் தேச்சா பொடியாகுமா? விடு" என்று தானே தேய்த்தார். டிரம்மை ஊற்றியதைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை. அவர் வழக்கத்தைச் செய்தார். அவ்வளவுதான்.

எட்டு

தாய் இறால்கள் மூன்றும் பழையபடி தொட்டியில் இருந்தன. அவற்றின் வேலை முடிந்தது. எட்டாம் நாள் காலை அத்தை என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாங்கள் அவற்றைக் குட்டையில் விட்டோம் என்று எதிர்பார்க்கலாம். இல்லை. சமைத்தோம். நான்தான் சுத்தம் செய்தேன், அது என் தொழில். மிளகாய் அரைத்த சம்பல் போட்டுப் பிரட்டினேன். அண்ணன் தலையை உடைத்து உறிஞ்சித் தின்பவன். அவனுக்கு இந்த மாதிரி விஷயத்தில் சோகமெல்லாம் கிடையாது. முட்டை இருந்தால் விடு, இல்லாவிட்டால் சட்டியில் போடு என்பான். வாழை இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் மூன்றையும் வைத்தோம். அம்மா ஒன்றின் தலையை உடைத்து அவன் உறிஞ்ச வசதியாக வைத்தாள். அப்போதுதான் நான் கத்தி அழுதேன். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை.

காலி டிரம்

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். வீட்டில் அம்மாவும் நானும் டிரம்மும்.

தினமும் காலையில் அடியில் செத்துக்கிடப்பதை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுப்பேன். முதலில் மேகம் மாதிரி இருந்தது மெல்ல மெல்லக் குறைந்தது. இவ்வளவு சாவது வழக்கம்தானா, நான் எதையாவது தப்பாகச் செய்கிறேனா என்று கேட்க ஆள் இல்லை. சலீம் அண்ணன் வந்து எட்டிப் பார்ப்பார். "மச்சான் இருந்தா திட்டுவான், ஆனா எதுக்குத் திட்டுவான்னு எனக்கும் தெரியாது லா" என்பார். நான் வேலைக்குப் போனால் அம்மா பார்த்துக்கொள்வாள். கடையில் நண்டு கட்டும்போதும் எனக்கு டிரம் ஞாபகம்தான்.

இந்தக் குஞ்சு போய்விட்டால் அவன் தொடங்கிய எதுவும் மிச்சமில்லை. எனக்கு அது தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூடியைத் திறந்தேன். தண்ணீரில் ஒன்றும் ஆடவில்லை. வெளிச்சத்துக்கு ஒன்றும் வரவில்லை. காற்றுக் குமிழ் மட்டும் வந்துகொண்டிருந்தது. கையை விட்டுக் கலக்கிப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர். அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா... எல்லாம் போச்சும்மா."

அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்புக் கையை வெளியில் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள். டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். அவளும் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"எங்கடி போச்சு?" என்றாள். "தண்ணியில தேடுறியே. செவுத்தப் பாரு."

எழுந்து பார்த்தேன். டிரம்மின் உள்சுவரில், தண்ணீருக்கு அடியில், அவை ஒட்டிக்கொண்டிருந்தன. நிறைய இல்லை. கண்ணாடி மாதிரி உடம்பு. முதுகு மேலே, கால் கீழே. நீந்துவதை விட்டுவிட்டன. ஒன்று கொஞ்சம் நின்று, மீசையை ஆட்டி, முன்னால் நகர்ந்தது. அடியில் இன்னும் சில ஊர்ந்துகொண்டிருந்தன. குஞ்சுப் பருவம் முடிந்தால் இப்படித்தான் ஒரு நாள் திரும்பி இறால் ஆகிவிடும் என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணன்கூட அதை நேரில் பார்த்ததில்லை.

அம்மா உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து பாகான் செராய்க்கு அடித்தாள்.

"அண்ணி, யோகனோட எறா நடக்குது."

அந்தப் பக்கம் அத்தை என்ன கேட்டாரோ. அம்மா இன்னொரு தடவை டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இல்ல அண்ணி, இன்னும் சின்னது. அரிசி மாதிரி இருக்கு. ஆனா நேராத்தான் நடக்குது."